முப்பது தைப்பூசமும் இரண்டு இரவும்

அம்மா பினாங்குக்கு முப்பது தடவைக்கு மேல் போய் வந்தவர். ஆனால் பினாங்கைப் பார்த்ததில்லை.

மலேசியாவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு தோட்டத்திலிருந்து வாடகை பஸ் கிளம்பும், விடிவதற்குள் பினாங்குத் தீவில் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் இறக்கிவிடும், பால்குடம் எடுத்து ஏறி இறங்கியதும் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் மாமா வீட்டுக்குப் போய்விடுவோம். இரண்டு அறை, ஒரு குளியலறை கொண்ட அடுக்குமாடி வீடு அது. அந்த ஒரு நாளில் அங்கே பதினாலு பேர். கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தால், நடுராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்தவர் யார் காலையாவது மிதிக்காமல் அடுப்படிக்குப் போக முடியாது. மறுநாள் அத்தை சுட்டுப் போடுகிற தோசையில் பசியாறிவிட்டு, சாயங்காலம் திரும்பவும் பஸ். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுன் என்பது எங்களுக்குப் பஸ் ஜன்னல் வழியாகத் தெரிந்த கொம்தார் கட்டடம், அவ்வளவுதான்.

நாங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரர்கள். 1948 ஜூன் 16ஆம் தேதி எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதன் பின்னால் கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம் வந்தது என்று வரலாற்றுப் புத்தகத்தில் எங்களுக்கு ஒரு வரி உண்டு. மந்திரியாக இருந்த துன் சம்பந்தன் ஊர் என்று இன்னொரு வரி. இந்த இரண்டு வரிக்காக யாரும் இங்கே இறங்கிச் சுற்றிப் பார்ப்பதில்லை, நாங்களும் ஊரைவிட்டுச் ‘சுற்றிப் பார்க்க’ என்று கிளம்பியதில்லை. கிளம்பினால் கோயில், கல்யாணம், கருமாதி. மூன்றுக்கும் தங்குவது சொந்தக்காரர் வீடு. சொந்தக்காரர் இருக்கிற ஊரில் காசு கொடுத்து ரூம் எடுப்பது சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் செய்கிற வேலை.

அதனால்தான் இந்த வருடம் தைப்பூசக் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமைக்கு ஜார்ஜ்டவுனில் இரண்டு இரவு ரூம் போட்டிருக்கிறேன் என்று சொன்னதும் அம்மா முதலில் கேட்டது, “மாமாகூட ஏதாச்சும் தகராறா?”

இல்லை என்றேன். அடுத்தது விலை. இரவுக்கு 140 வெள்ளி, அதாவது ரிங்கிட். “தூங்கறதுக்கா?” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மூன்றாவதுதான் உண்மையான பிரச்சினை: “அவனுக்குத் தெரிஞ்சா?”

“தெரிய வேணாம்மா.”

சரி. கிளம்பினோம். அம்மாவுக்கு வயது 71, முட்டி தேய்மானம், படி ஏறினால் இரண்டாவது படியிலேயே முகம் சுருங்கும். அதை வைத்துத்தான் முழுப் பயணத்தையும் யோசித்தேன் என்று பெருமையாக நினைத்திருந்தேன். பிறகு தெரிந்தது எவ்வளவு யோசித்தேன் என்று.

எங்கள் ஊர் ஸ்டேஷனில் இ.டி.எஸ். மின்ரயில் நிற்கும் என்பதே இங்கே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. வடக்கே போகிற வண்டியில் வலப்பக்கமோ இடப்பக்கமோ, ஜன்னல் சீட் கிடைத்தால் போதும். பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் பெராப்பிட் மலைச் சுரங்கம், மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருட்டு. தைப்பிங், கமுந்திங் கழிந்து புக்கிட் மேரா ஏரி மேலேயே வண்டி ஓடுகிறது, இரண்டு பக்கமும் தண்ணீர். எங்கள் தைப்பூச பஸ் எப்போதும் ராத்திரியில் நெடுஞ்சாலையில் போனதால் இப்படி ஓர் ஏரி வழியில் இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது. “இத முன்னாடியே காட்டிருக்கலாம்ல?” என்று என்னைக் கேட்டார், ஏதோ நான் ஒளித்து வைத்திருந்த மாதிரி.

பட்டர்வொர்த்தில் இறங்கியதும் துண்டைத் தலையில் போட்டு முக்காடாக இழுத்துக்கொண்டார். மாமா வீடு அங்கிருந்து பத்து நிமிடத் தூரம். ரயில், பஸ், ஃபெரி மூன்றும் கூரை போட்ட நடைபாதையால் சேர்ந்திருக்கின்றன, வெயில் மழை பயமில்லை, அம்மாவுக்குத் தம்பி பயம்தான்.

கார் ஏற்றிப் போன பழைய இரண்டடுக்கு ஃபெரிகள் 2020 முடிவோடு நின்றுவிட்டன. இப்போது ஆட்களும் மோட்டார்களும் மட்டும் போகிற புதுப் படகுகள், உள்ளே குளிர்சாதனம். வசதிதான். ஆனால் அந்தப் பழைய படகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் முகத்தில் அடிக்கிற காற்றும் டீசல் வாசமும் கடல் வாசமும் கலந்த ஒரு வாடையும் இருக்குமே, அது போய்விட்டது. சின்ன வயதில் மாமா எங்களை ஒரே ஒரு தடவை, சும்மா போய் வருவதற்காக, அதில் ஏற்றிக் கூட்டிப் போனார். தீவில் இறங்காமலே திரும்பினோம். அதைப் பெரிய உல்லாசப் பயணமாக ஒரு வருடம் பள்ளியில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி ரூம் விஷயம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் காசு போனது அதில்தான்.

நான் போட்டது பழைய கடைவீட்டைத் திருத்திக் கட்டிய தங்கும் விடுதி. பெயர் வேண்டாம். போனில் பார்த்த படத்தில் மரக்கட்டில், பூப்போட்ட தரை ஓடு, ஜன்னலில் வெள்ளைத் திரை. நேரில் போனால் அறை இரண்டாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. ஏணிக்கும் படிக்கட்டுக்கும் இடைப்பட்ட ஒரு மரப்படி. அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடியைத் தடவித் தடவி ஏறினார், நான் பின்னால் இரண்டு பையோடு. மேலே போனதும் மூச்சு வாங்க உட்கார்ந்தவர், காற்று வரட்டும் என்று திரையை விலக்கினார்.

திரைக்குப் பின்னால் சுவர்.

வெறும் சுவர், வெள்ளை அடித்தது. திரைக்கு மட்டும் கம்பி, வளையம், எல்லாம் ஒழுங்காக இருந்தது. அம்மா திரையைத் திரும்ப இழுத்து மூடினார், ஏதோ பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி. பிறகு சிரிக்க ஆரம்பித்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே போய்க் கேட்டால், அறை விவரத்தில் ‘ஜன்னல் இல்லை’ என்று போட்டிருக்கிறதே என்றார்கள். போட்டிருந்தது, மூன்று தடவை விரலால் தள்ளினால் வருகிற இடத்தில். முதல் இரவுக் காசு திரும்பாது, இரண்டாவது இரவுக் காசை வேண்டுமானால் தருகிறோம் என்றார்கள். அதை வாங்கிக்கொண்டு, அம்மாவைத் திரும்பவும் அதே படியில் இறக்கி, அடுத்த தெருவில் வேறு இடம் தேடினோம்.

இந்தக் கடைவீடுகளின் அமைப்பு தெரிந்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டேன். அகலம் குறைவு, நீளம் அதிகம். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியே இல்லை. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நடுவில் கூரையில்லாத ஒரு முற்றம் விட்டிருப்பார்கள், மழை நேராக உள்ளே விழும். அதனால் தெருவைப் பார்த்த முன்னறை, முற்றத்தை ஒட்டிய அறை, பின்கட்டு, இவற்றுக்குத்தான் ஜன்னல் உண்டு. இடையில் பலகை வைத்துத் தடுத்த அறைகளுக்குத் திரைதான் உண்டு. தெருவைப் பார்த்த அறை அழகு, ஆனால் லவ் லேன், சூலியா தெருப் பக்கமென்றால் நடுராத்திரி தாண்டியும் மதுக்கடைச் சத்தம். லிட்டில் இந்தியா பக்கமென்றால் கடை வாசலில் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டு. வயதானவர்களோடு போகிறவர்கள் போட்டோவை விட்டுவிட்டு நேராகப் போன் போட்டுக் கேளுங்கள்: எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும். மூன்றாவது கேள்விக்குத் தடுமாறினால் வேண்டாம். பள்ளி விடுமுறையிலும் சீனப் பெருநாளிலும் இதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, கிடைத்ததை எடுக்க வேண்டியதுதான். வாரநாளில் போனால் வாய் திறந்து கேட்கலாம்.

இரண்டாவது இடம் 160 வெள்ளி, கீழ்த்தளம், முற்றத்தை ஒட்டிய அறை. அன்று சாயங்காலம் மழை பெய்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே வீட்டுக்குள் பெய்கிற மழையை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரில் காதை வைத்து, பக்கத்து வீட்டில் யாரோ இருமுவதைக் கேட்டுவிட்டு, “இதுவும் லயந்தான். மாடி வச்ச லயம்” என்றார். தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர்.

அந்த விடுதியைக் காவல் பார்த்துக்கொள்கிறவர் ஒரு சீனப் பெரியவர், அம்மா வயது இருக்கும். இருவரும் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மலாயில் பேச ஆரம்பித்தார்கள். அவர் பிறந்தது இரண்டு வாசல் தள்ளி. அப்பாவுக்குப் படச்சட்டம் போடுகிற கடை, மேலே வீடு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை ஏதோ கொஞ்சம் வாடகை. 2000 பிறந்ததும் அந்தச் சட்டம் போனது, கட்ட முடியாத வாடகை கேட்டார்கள், குடும்பத்தோடு பாயா தெருபோங் அடுக்குமாடிக்குப் போய்விட்டார். 2008இல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு காலி வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாக ஹோட்டல் ஆயின. இப்போது தினமும் பஸ் ஏறித் தன் பழைய தெருவுக்கு வேலைக்கு வருகிறார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரிடம் மலாயில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: “உங்களுக்காச்சும் வந்து நிக்க வீடு இருக்கு. எங்க லயத்த இடிச்சுட்டு செம்பனை நட்டுட்டாங்க. எந்த மரத்துகிட்ட எங்க அடுப்படி இருந்துச்சுன்னுகூடத் தெரியல.” பெரியவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய், அம்மாவுக்குக் கோப்பி கலந்துகொண்டு வந்தார். அந்த இரவு நான் தூங்க நேரமானது. நான் படுத்திருந்தது யார் வீட்டு எந்த அறையோ.

மறுநாள் ஆறரைக்கே அம்மா எழுப்பிவிட்டார். லெபோ பாசாருக்கு நம்மவர்கள் வைத்த பெயர் கடைத்தெரு. அந்த நேரத்தில் ஒலிபெருக்கிகள் எழுந்திருக்கவில்லை, மாலை கட்டுகிறவர்கள் மட்டும் கடைகளுக்கு முன்னால் கூரைக்கடியில் இருக்கிற ஐந்தடிப் பாதையில் உட்கார்ந்திருந்தார்கள். ரூமிலிருந்து அங்கே நடந்து ஆறு நிமிடம். குவீன் தெரு மகா மாரியம்மன் கோயில் 1833இல் கட்டியது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் என்பார்கள். அம்மா உள்ளே நுழைந்து, பிரகாரத்தில் உட்கார்ந்து, யாரும் அவசரப்படுத்தாமல், பஸ் கிளம்பப் போகிறது என்று யாரும் கத்தாமல், தன் பாட்டுக்கு முக்கால் மணி நேரம் இருந்தார்.

ஆனால் அவரை அசைத்துப் போட்டது அந்தக் கோயில் இல்லை. பினாங்கு தெருவில் செட்டியார்களின் கோயில் வீட்டைக் காட்டி, “வெள்ளித்தேர் இங்கேருந்துதான் கிளம்பும்மா” என்றேன். தைப்பூசத்துக்கு முதல் நாள் இங்கிருந்து கிளம்பித் தேர் தண்ணீர்மலைச் சாலையில் இருக்கிற நகரத்தார் கோயிலுக்குப் போகும். 2017 முதல் தங்கத்தேர் வேறு ஒன்று, அது குவீன் தெருவிலிருந்து. அம்மா வாசலையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். “தேர் வந்து சேர்றதத்தான் பாத்துருக்கேன். எங்கேருந்து வருதுன்னு யாரையும் கேட்டதே இல்ல” என்றவர், குனிந்து வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முட்டி வலிக்கும் குனிந்தால். அன்றைக்கு வலிக்கவில்லை போல.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லலாம். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1801இல் காதர் முகைதீன் என்ற தென்னிந்திய முஸ்லிம் தலைவர் தொடங்கியது, வெளியிலிருந்து பார்த்தோம். அதே சாலையில் குவான் இன் கோயில், கொஞ்சம் தள்ளி 1818இல் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயம். அந்த வெள்ளைத் தூண்களைக் கட்ட இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகளை வேலை வாங்கினார்கள் என்று சொன்னேன். “அங்கயும் நம்ம ஆளுங்கதானா” என்றார் அம்மா, ஆச்சரியமில்லாமல். ஆர்மேனியன் தெருவில் 2012இல் வரைந்த, சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் போகிற சுவரோவியம்; படம் எடுக்க வெயிலில் ஒரு வரிசையே நின்றது. நாங்கள் நிற்கவில்லை. கடலுக்குள் மரக்கால் நட்டுக் கட்டிய சியூ ஜெட்டி வீடுகளுக்குள் நடக்கும்போது, ஒரு வீட்டுத் திண்ணையில் கிழவி ஒருத்தர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எங்களுக்கு முன்னால் போனவர் அவரையும் படம் பிடித்தார். அம்மா என் கையை இழுத்துத் திருப்பிக் கூட்டி வந்துவிட்டார். நல்லதுதான் செய்தார்.

சாப்பாடு. நாசி கண்டாருக்கு நகரத்தில் பெரிய பெயர் எடுத்த கடைகள் உண்டு, கேம்பல் தெருவில் 1907இலிருந்து இருக்கிற ஹமீதியா ஒன்று. மதியத்தில் அங்கெல்லாம் வரிசை, அம்மாவால் நிற்க முடியாது, அதனால் ஒரு சந்துக்குள் இருந்த சின்னக் கடைக்குப் போனோம். சோற்றின் மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு என்று ஒவ்வொரு கரண்டியும் கலந்து விடுகிற ‘குவா சம்போர்’தான் அதன் உயிர். அம்மாவுக்குக் குழம்புகள் கலந்தது பிடிக்கவில்லை. மூன்று குழம்பையும் மூன்று கிண்ணத்தில் கேட்டார். கல்லாவில் இருந்த அண்ணன் ராமநாதபுரத்துப் பேச்சில், “அம்மா, அப்படித் தந்தா அது கண்டார் சோறே இல்ல” என்று சிரித்தார்.

“அது என்னாங்க கண்டார்?”

“அந்தக் காலத்துல எங்க ஆளுங்க தோள்ல கம்பு வச்சு, ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்புன்னு தூக்கிட்டுப் போயித் துறைமுகத்துல விப்பாங்க. மலாய்ல அப்படித் தூக்கறதுக்குக் கண்டார்னு பேரு.”

அம்மா கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். “காண்டாவா?” என்றார். “ரெண்டு பக்கமும் வாளி மாட்டுவமே, அந்தக் காண்டாவா?”

இருபத்தாறு வருடம் பால்மரம் வெட்டியவர் அம்மா. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு, பிறகு வேலைக்காடு, மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் மாட்டி, மேட்டிலும் பள்ளத்திலும் பால் ஸ்டோருக்குத் தூக்கி வருவார். வலது தோளில் ரவிக்கைக்கு அடியில் ஒரு தடித்த இடம் இன்னும் இருக்கிறது. சின்ன வயதில் அதை அழுத்திப் பார்ப்பது எனக்கு விளையாட்டு. நானும்கூடக் காண்டா என்பதைத் தமிழ் வார்த்தை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அண்ணன் எழுந்து வந்து, “எந்தத் தோட்டம்மா?” என்று கேட்டு எங்கள் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் தாத்தா கம்பை மாற்றி மாற்றி வைத்த தோளும் வலதுதானாம். பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் மூன்று கிண்ணத்தையும் அம்மாவே ஒரே தட்டில் கவிழ்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை புக்கிட் பெண்டேரா, அதாவது பினாங்கு மலை. துறைமுகத்திலிருந்து 204 பஸ் அடிவாரம் வரை போகும். நகரத்துக்குள் சுற்றுவதற்கு இலவச கேட் பஸ் தனி. 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயில், முன்பு பாதி வழியில் இறங்கி வேறு பெட்டி மாற வேண்டும், 2011இல் வந்த பெட்டிகள் நேராக மேலே போகின்றன. மலேசிய அடையாள அட்டையான மைகார்டு காட்டினால் கட்டணம் குறைவு. முதல் வண்டிகளிலேயே போய்விட்டால் கூட்டமில்லை. மேலே குளிர், முருகன் கோயில், கீழே கடல், கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த். அம்மா கண்ணைச் சுருக்கி மாமாவின் அடுக்குமாடியைத் தேடினார். நான் ஏதோ ஒரு வெள்ளைக் கட்டடத்தைக் காட்டினேன், சரி என்று ஒப்புக்கொண்டார்.

தண்ணீர்மலைக்குப் போக வேண்டுமா என்று கேட்டேன். 513 படி ஏற முடியாது, கீழே நின்று கும்பிடலாம். “வேணாம்மா. தையில வர்றேன்னு மேல இருக்கவர்கிட்டயே சொல்லிட்டேன்” என்றார்.

திரும்பும் ரயில் பாகான் செராய் தாண்டும்போது அம்மாவின் போன் அடித்தது. மாமா. அம்மா என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“சொல்லு தம்பி… இல்ல, வெளிய இருக்கேன்… ஆமா, ரயில் சத்தந்தான்… கண்ணு காட்ட… ஈப்போவுக்கு… ஆமா, நல்லாத்தான் தெரியுதாம்… தைப்பூசத்துக்கு வராம எங்க போவேன், உன் வீடு இல்லாம எனக்கு எது வீடு… அத்தாச்சிய கேட்டேன்னு சொல்லு.”

போனை வைத்துவிட்டு வெகுநேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தார். மாமாவிடம் பொய் சொன்னது உறுத்துகிறது என்று நினைத்து, அடுத்த தடவை சொல்லிவிட்டே போகலாம்மா என்று சமாதானம் சொல்ல வாயெடுத்தேன்.

“ஏம்மா,” என்றார், “மலாக்காவுல நமக்குச் சொந்தம்னு யாரும் இல்லல்ல?”